வயித்தால போறத உடனே அடைக்காதீங்க

செந்தூல்ல இருக்கிற எங்கக்கா வீட்டுக்காரர், நாங்க மாமான்னுதான் கூப்பிடுவோம், ராத்திரி கடையில தாப்பாவ் (பார்சல்) பண்ணிட்டு வந்த கோழிய மேசையிலயே வச்சிட்டு காலையில அத அப்படியே எடுத்து பசியாறியிருக்காரு. மறுநாள் காய்ச்சல், வயித்த முறுக்கி முறுக்கி போகுது, சளி மாதிரி வழவழன்னு, அதுல ரத்தக் கோடு. வேலைக்குப் போகணுமேன்னு பார்மசியில லோபெரமைடுன்னு வயித்தால போறத நிறுத்துற மாத்திரைய வாங்கிப் போட்டுக்கிட்டாரு. போறது நின்னுச்சு, ஆனா வயிறு மத்தளம் மாதிரி உப்பி, அக்கா கை வச்சாலே கத்துறாரு. அஞ்சு நாள் வார்டுல கிடந்தாரு.

சாதாரண லூஸ் மோஷன் வேற, கிருமியால பெருங்குடல் வீங்கிப் புண்ணாகிறது வேற. சல்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபேக்டர் இதெல்லாம் குடல் சுவத்துக்குள்ளயே பூந்துடும், அதனாலதான் ரத்தம், சளி, போயிட்டு வந்து உக்காந்த உடனே மறுபடி முக்கணும் போல வரும். அந்த நேரத்துல குடல் அசைவ நிறுத்தினா கிருமியும் நஞ்சும் உள்ளயே தங்கிடும். ரத்தமோ காய்ச்சலோ இருந்தா அந்த மாத்திரைய தொடவே தொடாதீங்க.

அடுத்தது, அலமாரியில மிச்சம் கிடக்கிற ஆண்டிபயாடிக்க தானா எடுத்துப் போட்டுக்கிறது. இது எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். இந்த மாதிரி தொற்று நிறைய பேருக்கு ஒரு வாரத்துல தானா அடங்கிடும், ஈ கோலை ஓ157னு ஒரு வகை இருக்கு, அதுக்கு ஆண்டிபயாடிக் குடுத்தா கிட்னி அடிபடுற ஆபத்து கூடலாம், அதுவும் சின்னப் பிள்ளைங்களுக்கு. இன்னொரு பக்கம் சி டிஃப்னு ஒரு கிருமி, அது பெரும்பாலும் ஆண்டிபயாடிக் சாப்பிட்ட பின்னாடிதான் தலைதூக்கும், அதனால போன ரெண்டு மூணு மாசத்துல என்ன மருந்து சாப்பிட்டீங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. மலத்த டெஸ்ட்டுக்கு குடுக்க கூச்சப்படாதீங்க, மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க. அமீபாங்கிற ஒட்டுண்ணியா இருந்தா பார்க்க அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது கிருமி இல்லாமலே பெருங்குடல் புண்ணாகிற நாள்பட்ட வியாதி, அது மாதிரியே இருக்கும், அதுன்னு நெனச்சு ஸ்டீராய்டு குடுத்துட்டா குடலே ஓட்டையாகலாம். அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் முடிஞ்சதும் குடல்ல மிச்சம் இருக்கிறத அழிக்க இன்னொரு மருந்து குடுப்பாங்க, நல்லாயிடுச்சேன்னு அத விட்டுடாதீங்க.

100 பிளஸ் பானம் குடிச்சா போதும்னு நெறைய பேர் சொல்றாங்க, அதுல உப்பு கம்மி சீனி ஜாஸ்தி. தண்ணியில கரைச்சுக் குடிக்கிற ஓஆர்எஸ் உப்பு-சீனி பாக்கெட்தான் சரி, கிடைக்கலன்னா ஒரு லிட்டர் கொதிக்க வச்சு ஆறின தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, அத கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். ரத்தம் போகுது, வயிறு உப்புது, மூத்திரமே போகலன்னா கிளினிக்குக்கு கிளம்பிடுங்க, கைக்குழந்தைன்னா இன்னும் சீக்கிரம்.

கைக்கு சானிடைசர் போட்டா சி டிஃப் சாகாது, சோப்பு போட்டு தேய்ச்சுக் கழுவணும். மாமா கடையில ரொட்டி போடுறவரு, வீட்டுக்கு வந்த மறுநாளே சட்டைய மாட்டிக்கிட்டு கிளம்பிட்டாரு, அக்காதான் வாசல்ல நின்னு தடுத்துச்சு: “கடைசியா போனதுல இருந்து 48 மணி நேரம் ஆகட்டும், டாக்டரும் சரின்னு சொல்லட்டும், அப்புறம் மாவு பிசைங்க.”