பண்ணையில் நேரடியாகக் கால் மாடு வாங்குவது எப்படி? அமெரிக்காவில் முதல் முறை வாங்குபவர்களுக்கு

அமெரிக்கப் பண்ணைகளில் மொத்தமாக மாட்டுக்கறி வாங்கப் போனால் கால் மாடு, அரை மாடு, முழு மாடு என்றுதான் பேச்சு. முதல் தடவைக்குக் கால் மாடு போதும்.

1. விலையைக் கணக்குப் போடுங்கள்

'பவுண்டு 5 டாலர்' என்பது வீட்டுக்கு வரும் கறியின் விலை இல்லை. தோல், தலை, குடல் நீக்கித் தொங்கவிட்ட உடலின் எடைக்கான விலை. ஹேங்கிங் வெயிட் என்பார்கள்.

உதாரணத்துக்கு, உயிரோடு 1,100 பவுண்டு இருக்கும் மாடு தொங்கும்போது 616 பவுண்டு தேறும். அதில் கால் பங்கு 154. எலும்பு, கொழுப்பு, காயும் ஈரம் எல்லாம் கழிந்து கைக்கு வருவது சுமார் 100. கறிக்கு 770 டாலர், வெட்டிப் பொட்டலம் போட பவுண்டுக்கு 1 டாலர் வீதம் 154, அறுப்புக் கூலியில் உங்கள் பங்கு 25 என்று வைத்தால் மொத்தம் 949. ஆக, பவுண்டு ஒன்பதரை டாலர். தொகை பண்ணைக்குப் பண்ணை மாறும். கணக்குப் போடும் முறை இதுதான்.

2. முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்

புல் மட்டுமே தின்று வளர்ந்த மாடு வேண்டுமென்றால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். 'புல் தின்றதா?' என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பொய்யும் இல்லை, எல்லா மாடும் இளவயதில் புல்தான் மேய்கிறது. 'கடைசி மாதங்களில் என்ன போட்டீர்கள்?' என்று கேளுங்கள். மக்காச்சோளம் என்றால் வேறு பண்ணை பாருங்கள். குளிர்காலத்தில் காய்ந்த புல் போடுவது சரிதான். கிராஸ் ஃபெட் (புல் தின்று வளர்ந்தது) என்ற சொல்லுக்கு வைத்திருந்த தர வரையறையை அமெரிக்க வேளாண் துறையே 2016 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. அதனால் சொல்லை விடுங்கள், தீவனத்தை விசாரியுங்கள்.

முன்பக்கம், பின்பக்கம் எனப் பிரிக்காமல் கலந்த கால் பங்கு கேளுங்கள். பின்பக்கம் மட்டும் வந்தால் நெஞ்சுக்கறி கிடைக்காது. ஹலால் வேண்டுமென்றால் அதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

3. கட் ஷீட்டைப் பொறுமையாக நிரப்புங்கள்

எந்தப் பகுதியை எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்டு அறுப்புக்கூடத்திலிருந்து வரும் இந்தப் படிவத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சும்மா விட்டால் அவர்கள் வழக்கப்படி பெரிய ரோஸ்ட் கட்டிகளாக வரும். குழம்பு வைக்கும் வீட்டில் 4 பவுண்டு பனிக்கட்டியை உருக்கி வெட்டுவது பெரும்பாடு.

- சக் எனப்படும் தோள்பகுதி: 'ஸ்டூ மீட்', 1 அங்குலத் துண்டு, 2 பவுண்டு பொட்டலம்.
- ஷாங்க் எனப்படும் கீழ்க்கால்: குறுக்குவாட்டில் 2 அங்குலம். மஜ்ஜையோடு வரும், குக்கர் சூப்புக்கு அருமை.
- ரவுண்ட் எனப்படும் பின்தொடை: கொழுப்பு குறைவு, கொத்துக்கறிக்கு விடுங்கள்.
- ஸ்டீக்: 1 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. புல் தின்ற மாட்டின் கறி கொழுப்பு குறைந்தது. மெல்லிசாக இருந்தால் கல்லில் போட்டதும் செருப்புத் தோலாகிவிடும்.
- சூப் எலும்பு, ஈரல், நாக்கு: கேட்காவிட்டால் கழிவோடு போகலாம். மாட்டுக்கு வால் ஒன்றுதான். நாலு பங்காளிகளில் முந்திக் கேட்பவருக்கே அது.

பொட்டலத்தில் 'நாட் ஃபார் சேல்' முத்திரை இருந்தால் பதறாதீர்கள். உயிரோடு வாங்கி, சொந்த உபயோகத்துக்கு அறுத்ததாகக் கணக்கு. அதை மறுபடி விற்க முடியாது. நண்பர்களோடு பங்கு போடுவதென்றால் எல்லோர் பெயரும் அறுப்புக்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.

4. ஃப்ரீசர்

1 கன அடியில் 35 முதல் 40 பவுண்டு அடங்கும். கால் மாட்டுக்கு 3 கன அடி போதும் என்றாலும் 5 ஆக வாங்குங்கள். அடுக்கித் தேட இடம் வேண்டுமே. முதல் நாளே ஓடவிட்டு 0 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுக்கும்போது ஒவ்வொரு பொட்டலத்தையும் தடவிப் பாருங்கள். எலும்பு குத்தி, காற்றுப் புகுந்து தளர்ந்தவற்றை மேலே வைத்து முதலில் சமையுங்கள். கொத்துக்கறியை 4 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். கொழுப்பு மஞ்சளாக இருக்கிறதே என்று தூக்கிப் போட வேண்டாம், அது புல்லின் பீட்டா கரோட்டின்.