பிட் வாங்கும் முன் ஸ்க்ரூவின் தலையைப் பாருங்கள்

சென்ற மழைக்காலத்தில் அம்மா வீட்டுச் சமையலறையில் மேல் அலமாரியின் கதவு ஒன்று ஒருபக்கமாகத் தொங்கிப்போனது. கீலில் இருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் நேராகிவிடும். கருவிப் பெட்டியில் இருந்த பிளஸ் பிட்டை, அதாவது திருப்புளியில் மாற்றி மாற்றி மாட்டும் குட்டி முனையை, அதைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டரில் மாட்டித் திருகினேன். ‘டக்’ என்று வெளியே எகிறியது. இன்னும் அழுத்தித் திருகினேன், மறுபடியும் டக். மூன்றாம் முறைக்குப் பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் தலையில் இருந்த சிலுவைப் பள்ளம் கிண்ணம்போல வழித்திருந்தது. ஓரத்தில் மயிரிழை மாதிரி ஓர் இரும்புச் சுருள் பளபளத்தது. அந்தக் கீலையே கழற்றி எறிய வேண்டியதாயிற்று.

பிட் மட்டம் என்று முடிவுகட்டி, விலை கூடிய பிட் ஒன்று வாங்கிவந்தேன். பக்கத்துக் கீலிலும் அதே ‘டக்’. குறை இரும்பில் இல்லை, பொருத்தத்தில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஆகவே நல்ல பிட் தேர்ந்தெடுப்பது பற்றிய இந்த விளக்கத்தைக் கடையிலிருந்து தொடங்காமல் உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: வீட்டில் உள்ள ஸ்க்ரூக்களைப் படம் எடுங்கள்

அலமாரிக் கீல், மிக்ஸியின் அடிப்பாகம், பிள்ளைகளின் சைக்கிள், நாமே கோத்துக்கொள்ளும் மேஜை என்று பத்து இடங்களில் ஸ்க்ரூ தலையைக் கைப்பேசியால் நெருக்கமாகப் படம் எடுங்கள். உங்களுக்கு என்னென்ன பிட் வேண்டும் என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும். நூறு பிட் கொண்ட பெட்டியை வாங்கினால் அதில் எண்பதைத் தொடக்கூட மாட்டீர்கள்.

படி 2: எல்லா பிளஸ்ஸும் ஒன்றல்ல

நான் சறுக்கிய இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் பிளஸ் என்றோ ஸ்டார் என்றோ கேட்டால் எடுத்துத் தருவது பிலிப்ஸ். 1930-களில் அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்றுக் கார்த் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசேர்த்த வடிவம் அது. பிட்டில் பி, எச் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். இதன் பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்திருப்பதால், விசை கூடும்போது அந்தச் சரிவே பிட்டை மேலே தள்ளும்.

பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் இன்னொன்று போசிடிரைவ். பி, இசட் என்று பொறித்திருக்கும். இதன் பக்கங்கள் ஏறக்குறைய நேராக இறங்குவதால் அவ்வளவு எளிதில் நழுவாது. கதவுக்குள் மறைந்திருக்கும் ஐரோப்பிய வகைக் கீல்களில் பெரும்பாலும் இந்த ஸ்க்ரூதான் இருக்கிறது. மாடுலர் சமையலறை உள்ள வீடுகளில் அடிக்கடி எதிர்ப்படும்.

அடையாளம் காண்பது எளிது. ஸ்க்ரூ தலையில் சிலுவையின் நான்கு கைகளுக்கு இடையே, மூலைவாட்டில், நான்கு மெல்லிய கோடுகள் கீறியிருந்தால் அது போசிடிரைவ். கோடு இல்லாவிட்டால் பெரும்பாலும் பிலிப்ஸ். பிட்டைத் திருப்பி முனையைப் பார்த்தாலும் தெரியும்: போசிடிரைவ் பிட்டில் நான்கு பெரிய இறகுகளுக்கு நடுவே நான்கு சிறிய வரம்புகள் இருக்கும்.

பிலிப்ஸ் பிட்டை போசிடிரைவ் ஸ்க்ரூவில் வைத்தால் உள்ளே போகும், அதுதான் ஆபத்து. உட்கார்ந்துவிட்டது என்று கை நம்பும், ஆனால் பள்ளத்தின் சுவரோடு முழுமையாக ஒட்டாது. எதிர்மாறாக வைத்தால் அடிவரை இறங்காது. பிட்டைப் பள்ளத்தில் வைத்து, திருகாமல், இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். சரியான பிட் ஸ்க்ரூவோடு ஒட்டிப் பிறந்ததுபோல நிற்கும். ஆடினால் எடுத்துவிடுங்கள். காந்தமுள்ள ஹோல்டரில் ஸ்க்ரூ தொங்கி நிற்பதை வைத்துப் பொருத்தம் என்று நினைக்காதீர்கள். பொருந்தாத ஸ்க்ரூவையும் காந்தம் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு குழப்பம். ஆறு முனை நட்சத்திரமாக இருக்கும் டார்க்ஸுக்கும் ஸ்டார் என்றே பெயர். சைக்கிளின் டிஸ்க் பிரேக் தகட்டைப் பிடித்திருக்கும் ஆறு ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் டி 25 அளவு டார்க்ஸ். கடையில் வெறுமனே ஸ்டார் என்று கேட்காமல், எடுத்த படத்தைக் காட்டுங்கள்.

படி 3: எண்

பிலிப்ஸிலும் போசிடிரைவிலும் 0, 1, 2, 3 என்று அளவு போகும். வீட்டு வேலையில் பெரும்பகுதி 2-ஆம் எண். சிறிய மின்பொருள்களுக்கு 1, பொம்மைகளின் பேட்டரி மூடிக்கு 0 அல்லது 1. ஒரு எண் சிறியதை வைத்துச் சமாளிப்பதுதான் ஸ்க்ரூ தலைகள் அழிவதற்குப் பெரிய காரணம்.

படி 4: இரும்பு, முனை

இப்போதுதான் தரத்துக்கு வருகிறோம். இரண்டு எஃகு வகைகளின் பெயர்களைப் பார்ப்பீர்கள்: குரோம் வனேடியம், எஸ்2. கையால் திருகும் வேலைக்கு முதலாவது போதும். டிரில்லில் மாட்டுவதாக இருந்தால் எஸ்2 வாங்குங்கள். அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே உள்ள கருவி எஃகு அது. மட்டமானதுபோலச் சட்டென்று உடையாது. எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் எண்ணைப் போட்டிருந்தால் 58 முதல் 62 வரை இருப்பது நல்லது. மிகவும் மென்மையாக இருந்தால் இறகு மழுங்கும், மிகவும் கடினமாக இருந்தால் கண்ணாடிபோலத் தெறிக்கும். தங்க நிறப் பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம். உள்ளே இருக்கும் எஃகு எப்படிப்பட்டது என்பதை நிறம் சொல்லாது.

எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பாருங்கள். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி முனையைப் பார்த்தால், நல்ல பிட்டில் நான்கு இறகுகளும் ஒரே தடிமனில், ஓரம் கூர்மையாக இருக்கும். மட்டமான பிட்டில் பூச்சு திட்டுத்திட்டாகப் படிந்து பள்ளத்தை நிரப்பியிருக்கும். பிறகு ஹோல்டரில் மாட்டி விரலால் மெல்லச் சுழற்றுங்கள். முனை ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். வட்டமடித்தால் மையம் தவறிய பிட்.

வீட்டில் பழைய அரம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். பிட்டின் அறுகோணத் தண்டில் லேசாக ஓர் இழுப்பு. அரம் வழுக்கிக்கொண்டு போனால் எஃகு கடினமானது. கடித்துத் தூள் உதிர்ந்தால் அது பெரும்பாலும் மென்மையான பிட். இதை நீங்கள் வாங்கிய பிட்டில் மட்டும் செய்யுங்கள், கடைக்காரருடையதில் வேண்டாம்.

படி 5: தண்டு

தண்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். வெர்னியர் என்ற நுண்ணளவுகோல் இருந்தால் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் ஹோல்டரிலேயே ஆடும், முனை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

எதை வாங்குவது

என் பெட்டியில் இருப்பவை இவை: பிலிப்ஸ் 2 மூன்று, பிலிப்ஸ் 1 ஒன்று, போசிடிரைவ் 2 இரண்டு, டார்க்ஸ் 20, 25, அறுகோணத்தில் 4, 5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர் பட்டை முனை ஒன்று. மொத்தம் பதினொன்று. அதிகம் தேய்வது பிலிப்ஸ் 2 என்பதால் அதில்தான் கூடுதல் உபரி. ஜெர்மனியின் வெரா, விஹா இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை. விலை அதிகம், ஆனால் சில்லறையாக இரண்டு மூன்று வாங்கினால் கட்டுப்படியாகும். கையால் திருகும் சாதாரண வேலைக்கு இன்னமும் நாசிக்கின் தபாரியா திருப்புளியைத்தான் எடுக்கிறேன். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனையைச் சுற்றியுள்ள கருவிக் கடைகளுக்கு நேரில் போய், பிட்டைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

மின்சுவிட்சு, பிளக் வேலைக்கு இந்த பிட்கள் எதுவும் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, 1000 வோல்ட் குறியிட்ட காப்புறை போட்ட திருப்புளியால் மட்டும் தொடுங்கள்.

பிற்சேர்க்கை 1: தட்டித் தட்டித் திருகும் மின்கருவியான இம்பாக்ட் டிரைவரில் பிட் நிற்காமல் விழுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரிடமும் இருந்தது 25 மில்லிமீட்டர் குட்டை பிட். அது ஹோல்டருக்கானது. இம்பாக்ட் டிரைவரில் நேரடியாக மாட்ட, தண்டைச் சுற்றி ஒரு வளையப் பள்ளம் உள்ள 50 மில்லிமீட்டர் பிட் வேண்டும். உள்ளே இருக்கும் குண்டு அந்தப் பள்ளத்தில் விழுந்துதான் பூட்டிக்கொள்கிறது. இம்பாக்ட் வேலைக்கென்றே நடுவில் கழுத்து மெலிந்த பிட்களும் கிடைக்கின்றன. அந்தக் கழுத்து சற்றே முறுக்கிக்கொடுத்து அடியை வாங்கிக்கொள்வதால் முனை தப்பிக்கிறது.

பிற்சேர்க்கை 2: ஜப்பானிய வடிவமைப்பு மோட்டார் சைக்கிளில் பிளஸ் ஸ்க்ரூ அழிந்துபோனதாக ஒரு வாசகர் படம் அனுப்பினார். தலையில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி. பெரும்பாலும் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவின் அடையாளம். பிலிப்ஸ் பிட் அதில் அடிவரை உட்காராது. வெஸல் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் பிட் வாங்குங்கள். ஏற்கெனவே பாதி அழிந்த ஸ்க்ரூவாக இருந்தால், மெக்கானிக் கடைகளில் இருக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டை மிளகளவு பிட் முனையில் தடவி, நேராக அழுத்தியபடி மெதுவாகக் கையால் திருகுங்கள். அந்தக் கரகரப்பு பிடிமானம் கொடுக்கும். அவருக்கு நான்கில் மூன்று ஸ்க்ரூ அப்படியே கழன்றுவந்தன. நான்காவதற்கு மட்டும் டிரில் போட வேண்டியிருந்தது.