பயிர் மூடிய நடைபாதையைத் திறக்க வைத்த கதை

இங்கிலாந்தில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு வயலைக் குறுக்கே கடக்கும் பொது நடைபாதை இருக்கிறது. பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் அதைக் காட்டும் பச்சைக் கோடு பளிச்சென்று தெரியும். நேரில் போனால் தோளுயர ரேப்சீட் பயிர், கடுகு இனத்து எண்ணெய்வித்து. நடைபாதையைக் குறிக்கும் வேலி ஓரத்து மஞ்சள் அம்பு பயிருக்குள் கை காட்டிக்கொண்டிருந்தது.

வயல் ஓரமாகச் சுற்றிப் போகலாமே என்று தோன்றும். ஆனால் நமக்குள்ள உரிமை அந்தப் பாதையில் மட்டும்தான். ஓரமாகப் போனால் அத்துமீறலாகிவிடலாம்.

உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் இணையப் படிவத்தில் "பாதை அடைபட்டிருக்கிறது" என்று எழுதினேன். தானியங்கிப் பதிலோடு சரி.

அப்புறம் முறையாக இறங்கினேன். கடைகளில் விற்கும் வரைபடம் சட்டப்படி முடிவான சான்று அல்ல. 1949-ல் வந்த கிராமப்புற அணுகல் சட்டத்தில் தொடங்கி, இப்போது 1981 வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி கவுன்சில் வைத்திருக்கும் அதிகாரபூர்வ வரைபடம்தான் சான்று. அதில் பாதையின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். 1980 நெடுஞ்சாலைச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: வயலுக்குக் குறுக்கே போகும் நடைபாதையைத் தவிர்க்க முடியாதபோது உழலாம், ஆனால் விதைப்புக்காக மண்ணை முதலில் கிளறியதிலிருந்து 14 நாளில் சீராக்க வேண்டும், அகலம் பதிவாகாத இடத்தில் குறைந்தது 1 மீட்டராவது பயிரில்லாமல் இருக்க வேண்டும். பாதை எண், இடக்குறி, இரு முனையிலும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, அதே சட்டத்தின் 130-வது பிரிவின்படி பாதையைக் காப்பது உங்கள் கடமை என்று கடிதம் எழுதினேன்.

இந்த முறை ஓர் அதிகாரியே கூப்பிட்டார். விவசாயிக்கு நோட்டீஸ் போனது. பயிருக்கு நடுவே நேர்க்கோடாக ஒரு பட்டை வெட்டிவிட்டார்கள். விவசாயி மேல் எனக்குக் கோபமில்லை, கேட்டதும் செய்துவிட்டார். அடுத்த விதைப்பு முடிந்ததும் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும்.