நின்றுபோன கிருகலட்சுமி பணம் கிடைத்த கதை

பெங்களூரு அல்சூரில் இருக்கும் அம்மாவுக்கு, குடும்பத் தலைவிகளுக்குக் கர்நாடக அரசு தரும் கிருகலட்சுமி திட்டத்தில் மாதம் வரும் 2000 ரூபாய் திடீரென்று நின்றுவிட்டது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அம்மாதான். அரசுச் சேவைகளுக்கான பெங்களூரு ஒன் மையத்தில் விண்ணப்பம் சரியாக இருக்கிறது என்றார்கள். ரேஷன் கார்டுக்கு மறுபடி கைரேகை வைத்தும் பயனில்லை. வங்கியிலோ, "ஆதார் இணைச்சாச்சேம்மா" என்ற ஒரே பதில்.

அது உண்மைதான், ஆனால் போதாது. ஒரு கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் இருப்பது வேறு. அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான், கடைசியாகச் சேர்த்ததுதான் நிற்கும்.

மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' (அந்தப் பட்டியலில் இருக்கும் வங்கி எது என்ற விவரம்) பார்த்தேன். வேறொரு வங்கியின் பெயர்! மகளிர் குழுக் கடனுக்காக அம்மா புதிதாகத் திறந்த கணக்கு அது. பக்கத்திலேயே மாறிய தேதியும் இருந்தது. பணம் நின்ற மாதமும் அதுவே. பாஸ்புக்கை அச்சடித்தால் வராத தவணைகள் எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. அப்பாடா!

பழைய வங்கியில் ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் கொடுத்தோம். அடுத்த தவணை பழையபடி அங்கேயே வந்துவிட்டது.