காந்தாரி மிளகாயில் இலைச் சுருட்டு: எனக்குப் பலித்த வழி

செடி சுருண்டதும் மருந்தைத் தேடாதீர்கள். சுருட்டு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். இலையோரம் மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன் என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி. அதற்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு. கீழ்நோக்கி, கவிழ்த்த தோணிபோல் வளைந்து, காம்பும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி, அதாவது கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பேன். என் தொட்டிகளில் வந்தது இதுதான்.

நனையும் கந்தகத்தூள் (வெட்டபிள் சல்பர்) லிட்டருக்கு 3 கிராம் கலந்து, கொழுந்திலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி, வெயில் தாழ்ந்தபின் அடித்தேன். 10 நாள் கழித்து மறுபடி. உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தொடவே கூடாது, அதுவும் கருக்கும். சுருண்ட இலை நிமிராது. புதுத் தளிர் விரிந்து வந்தால் போதும்.

நம்மூரில் ஆனியிலும் ஐப்பசியிலும் மழை என்பதால் தொட்டியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், வேர் அழுகிவிடும். தென்னை நிழலில் செடி தழைக்கும், காய்ப்பு குறையும்.

மருந்தடித்து ஒரு வாரம் பறிக்க வேண்டாம். பிறகென்ன, ஆறு காந்தாரி, நாலு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கல்லுப்பு சேர்த்து அம்மியில் சதைத்து, பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றினால் அவித்த மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்கு) வேறு கூட்டு வேண்டாம். கை எரிந்தால் எண்ணெய் தடவி, அப்புறம் சோப்பு போடுங்கள்.