தேவைப் பட்டியலை வைத்து டிராஃப்ட் போடுகிறவர்களுக்கு

ஏப்ரல் பிறந்தால் எங்கள் வட்டத்தில் மாக் டிராஃப்ட் களைகட்டிவிடும். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல் அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களை எடுப்பது டிராஃப்ட், அதை நாங்கள் முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது மாக் டிராஃப்ட். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் என்று சிதறிக் கிடக்கிற தமிழ் நண்பர்கள் என்.எஃப்.எல். அணிகள் 32-ஐயும் பங்கு போட்டுக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு மூன்று அணிகளுக்கு ஜெனரல் மேனேஜர் ஆகி, ஜூம் கூட்டத்தில் முதல் மூன்று ரவுண்டை ஓட்டுவோம். இந்த முறை புதிதாகச் சேர்ந்த தம்பிகளில் ஒருவர் எக்செல் ஷீட்டைத் திரையில் விரித்தார். இடது பக்கம் அணியின் ஐந்து தேவைகள், வலது பக்கம் ஐந்து பிக், அதாவது ஆள் எடுக்கும் முறைகள். நடுவில் அம்புக்குறிகள். "அண்ணா, அஞ்சு ஓட்டை, அஞ்சு ஆளு. கணக்கு முடிஞ்சுது" என்றார்.

பழைய ஆட்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருமே ஒரு காலத்தில் அந்த ஷீட்டைப் போட்டவர்கள்தான்.

அணி வசம் இல்லாத பிக்கில் ஆள் எடுப்பது, கல்லூரியிலேயே இன்னொரு வருஷம் ஆடப் போவதாக அறிவித்தவரை எடுப்பது, முதல் ரவுண்டில் பந்தை உதைக்க மட்டும் வருகிற கிக்கரை எடுப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. குழுவில் ஒரு முறை சிரித்தால் அவை தாமாகச் சரியாகிவிடும். சிரித்தாலும் சரியாகாதவை சில உண்டு.

தேவையைச் சுருக்கிச் சுருக்கி ஆளைத் தொலைப்பது

நான் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகன். ஆகவே இந்தத் தவறைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 சீசனில் ஈகிள்ஸுக்கு, எறிகிற பந்தை ஓடிப் பிடிக்கிற வைட் ரிசீவர் பஞ்சம். டிஷான் ஜாக்சன் முதல் ஆட்டத்தில் 50 யார்டைத் தாண்டிய இரண்டு டச்டவுன் அடித்தார். பிறகு காயம்பட்டு, அந்த சீசனில் மொத்தம் மூன்று ஆட்டங்களோடு ஒதுங்கினார். அல்ஷான் ஜெஃப்ரியும் விழுந்தார். கடைசியில் கல்லூரியில் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிகிறவராக ஆடிய கிரெக் வார்டை, பயிற்சிக்கென்று வைத்திருக்கிற பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து கூப்பிட்டு ரிசீவராக நிறுத்தினார்கள். எங்கள் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் அந்த வருஷம் 4,000 யார்டுக்கு மேல் எறிந்தார், ஆனால் 500 யார்டு தொட்ட வைட் ரிசீவர் ஒருவர்கூட அணியில் இல்லை. பிளேஆஃப் முதல் ஆட்டத்தில், 2020 ஜனவரி 5 அன்று, சியாட்டில் சீஹாக்ஸிடம் 17-9 என்று தோற்றோம். அன்று எங்களைக் கிழித்தவர் டி.கே. மெட்காஃப் என்ற புது ஆள். ஏழு பந்தில் 160 யார்டு.

இந்த மெட்காஃபை முந்தைய டிராஃப்டில் ஈகிள்ஸே எடுத்திருக்கலாம். 57-வது பிக்கில் ரிசீவரைத்தான் எடுத்தார்கள், ஆனால் அவர் ஜே.ஜே. ஆர்சேகா-வைட்சைட். மெட்காஃப் 64-வதில் போனார்.

சரி, 2020 டிராஃப்ட் வந்தது. தேவை ரிசீவர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 'ரிசீவர் வேண்டும்' என்பது 'வேகமான ரிசீவர் வேண்டும்' ஆனது. பிறகு 'வெளி ஓரத்தில் நின்று நீளமாக ஓடி, ஜாக்சன் இடத்தை நிரப்புகிற வேகமான ரிசீவர் வேண்டும்' என்று ஆனது. அந்த வட்டம் சுருங்கச் சுருங்க, அதற்குள் நின்றவர் டி.சி.யு. கல்லூரியின் ஜேலன் ரேகர் ஒருவர்தான். வட்டத்துக்கு வெளியே நின்றவர் எல்.எஸ்.யு.வின் ஜஸ்டின் ஜெஃபர்சன். முந்தைய சீசனில் 111 பந்து பிடித்து 1,540 யார்டு எடுத்து, கல்லூரி சாம்பியன் பட்டம் வென்ற அணியின் ஆள். ஆனால் பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது லைனுக்குப் பக்கத்தில் உள்புறமாக நின்று ஆடியவர். அந்த ஒரு காரணத்தால் அவர் 'நம்ம தேவைக்கு ஒத்துவராதவர்' ஆனார்.

21-வது பிக்கில் ஈகிள்ஸ் ரேகரை எடுத்தது. 22-வதில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் ஜெஃபர்சனை எடுத்தது.

இதில் இன்றும் வயிற்றெரிச்சலைக் கிளப்புவது ஒன்று உண்டு. அந்த வருஷ கம்பைனில், அதாவது டிராஃப்டுக்கு முன் நடக்கிற உடல்திறன் சோதனையில், 40 யார்டு ஓட்டத்தை ரேகர் 4.47 விநாடியில் முடித்தார். ஜெஃபர்சன் முடித்தது 4.43-இல். வேகத்துக்காக எடுக்கப்பட்டவரைவிட, விடப்பட்டவர்தான் அன்று வேகமாக ஓடியிருந்தார்!

முதல் இரண்டு சீசனில் ஜெஃபர்சன் 3,016 யார்டு. ரேகர் 695. 2022 ஆகஸ்டில் ரேகரை ஈகிள்ஸ் விற்றது. வாங்கியவர்கள் வேறு யாருமில்லை, வைக்கிங்ஸ்தான். அதே மாதம் ஆர்சேகா-வைட்சைடையும் தள்ளிவிட்டார்கள், சியாட்டிலுக்கு. எந்த இரண்டு அணிகள் சரியான ஆளைப் பிடித்துக்கொண்டனவோ, அந்த இரண்டிடமே நம் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

செலவைக் கூட்டிப் பாருங்கள். ஒரே ஓட்டைக்கு 2019-இல் ஒரு இரண்டாம் ரவுண்ட் பிக், 2020-இல் ஒரு முதல் ரவுண்ட் பிக். 2021-இல் 12-லிருந்து 10-க்கு ஏறி டிவான்டா ஸ்மித், ஏறியதற்குக் கூலியாக டல்லஸுக்கு 84-வது பிக். (அந்த 12-இல் டல்லஸ் மைக்கா பார்சன்ஸ் என்ற தற்காப்பு நட்சத்திரத்தை எடுத்தது. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.) 2022-இல் ஏ.ஜே. பிரவுனுக்காக டென்னசி டைட்டன்ஸுக்கு 18-வது பிக்கும் 101-வது பிக்கும் கொடுத்தோம். கூடவே பிரவுனுக்கு நான்கு வருஷத்துக்கு 10 கோடி டாலர் புது ஒப்பந்தம். ஸ்மித்தும் பிரவுனும் வைரங்கள், மறுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு தடவையில் ஒன்றாவது சரியாக விழுந்திருந்தால் அந்தப் பிக்குகள் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

தம்பியின் ஷீட்டில் 'கை நீளமான, இடப்பக்கம் ஆடுகிற, ரன் பிளாக்கிங் தெரிந்த டேக்கிள்' என்று ஒரு வரி இருந்தது. (டேக்கிள் என்றால் லைனின் ஓரத்தில் நின்று குவாட்டர்பேக்கைக் காக்கிறவர்.) மளிகைச் சீட்டில் கடைப் பெயரையும் பாக்கெட் நிறத்தையும் எழுதிவிட்டால், நல்ல பருப்பு பக்கத்து அலமாரியில் இருந்தாலும் கண்ணில் படாது. தேவைப் பட்டியலில் 'டேக்கிள்' என்று எழுதி நிறுத்துங்கள். உங்கள் முறை வரும்போது தர வரிசைப் போர்டில் மேலே நிற்கிற டேக்கிள் யார் என்று பாருங்கள். அவரைவிட ஒரு படி மேலே வேறு இடத்து ஆள் நின்றால் அவரை எடுங்கள், டேக்கிள் அடுத்த ரவுண்டிலும் வருவார்.

இந்த வருஷ ஓட்டையை மட்டும் பார்ப்பது

இது மேலே சொன்னதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஈகிள்ஸே இதைச் சரியாகச் செய்த கதையும் உண்டு என்பதால் எனக்குக் கோபம் குறைவு.

2022 ஏப்ரலில் எந்த நிபுணரின் ஈகிள்ஸ் தேவைப் பட்டியலிலும் சென்டர், அதாவது லைனின் நடுவில் நின்று குவாட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுக்கிறவர், மேல் இடங்களில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை, அங்கே ஜேசன் கெல்சி நின்றார். ஆனால் அவருக்கு வயது 34, கையில் இருந்தது ஒரு வருஷ ஒப்பந்தம். 51-வது பிக்கில் நெப்ராஸ்காவின் கேம் ஜர்கன்ஸ் என்ற சென்டரை எடுத்தார்கள். எடுக்கும் முன் கல்லூரி சென்டர்களின் வீடியோவைப் பார்க்கச் சொல்லிக் கெல்சியிடமே கருத்தும் கேட்டார்கள். முதல் வருஷம் ஜர்கன்ஸ் பெஞ்சில். இரண்டாம் வருஷம் ஐசக் சியமாலோ விட்டுப்போன, சென்டருக்குப் பக்கத்து இடமான வலது கார்டில். 2024 மார்ச்சில் கெல்சி ஓய்வு பெற்றார். அந்த சீசனில் ஜர்கன்ஸ் சென்டர், 2025 பிப்ரவரியில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் கோப்பை.

ஆகவே உங்கள் ஷீட்டில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் கட்டாயம் இருக்கட்டும்: ஒப்பந்தம் முடிகிற வருஷம், அந்த வருஷத்தில் அவருக்கு ஆகப் போகிற வயது. ஒப்பந்தம் ஒரு வருஷத்தில் முடிகிற, முப்பதைத் தாண்டிய ஆட்கள் எந்த வரிசையில் அதிகமோ, அங்கேதான் உண்மையான தேவை. இன்றைக்கு அங்கே ஆள் இருப்பது கண்ணை மறைக்கும்.

மார்ச்சில் ஆள் வந்துவிட்டார், பட்டியலில் அடித்துவிடு

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அணி மாறுகிற ஃப்ரீ ஏஜென்சியில் ஒருவரை வாங்கியதுமே அந்த வரியை அடித்துவிடுவார்கள். 2024 மார்ச்சில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் கர்க் கசின்ஸ் என்ற குவாட்டர்பேக்குக்கு நான்கு வருஷத்துக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதியது, அதில் 10 கோடி உத்தரவாதம். எங்கள் மாக் டிராஃப்ட் உட்பட எல்லா இடத்திலும் ஃபால்கன்ஸுக்குக் குவாட்டர்பேக் தேவை தீர்ந்தது. ஏப்ரலில் 8-வது பிக்கில் அவர்கள் எடுத்தது மைக்கேல் பெனிக்ஸ் என்ற குவாட்டர்பேக். நாடே சிரித்தது. டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சுக்குப் போனார், பெனிக்ஸ் உள்ளே வந்தார்.

இந்த இரண்டு முடிவையும் சேர்த்து நான் நியாயப்படுத்த மாட்டேன். ஒன்று போதும் என்பது என் கட்சி. ஆனால் அக்கிலீஸ் தசைநார் அறுந்து மீண்டு வந்த 35 வயதுக்காரரை வாங்கியதும் 'தேவை முடிந்தது' என்று எழுதியவர்கள் தப்புக் கணக்குப் போட்டவர்கள்தான்.

அடுத்த வருஷப் பிக்கை இனாமாக எண்ணுவது

மாக் டிராஃப்டில் மேலே ஏறுவது, அதாவது பிக்குகளைக் கொடுத்து முந்தைய முறையை வாங்குவது, போதை. அடுத்த வருஷ முதல் ரவுண்ட் பிக்கை இந்த வருஷ இரண்டாம் ரவுண்டுக்குச் சமமாக மதிப்பது பழைய வழக்கம் என்பதால், புதியவர்கள் அதைச் சில்லறை போல வீசுகிறார்கள்.

2023-இல் கரோலைனா பேந்தர்ஸ் முதல் பிக்குக்காகச் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தவை: 9-வது பிக், 61-வது பிக், 2024 முதல் ரவுண்ட், 2025 இரண்டாம் ரவுண்ட், கூடவே டி.ஜே. மூர் என்கிற நல்ல ரிசீவர். எடுத்தது பிரைஸ் யங்கை. தன்னிடமிருந்த ஒரே தரமான ரிசீவரை விற்றுவிட்டு, புதுக் குவாட்டர்பேக்கை யாருக்குப் பந்து எறியச் சொன்னார்களோ தெரியவில்லை. அந்த சீசனில் 2 வெற்றி, 15 தோல்வி. மோசமாக ஆடிய அணிக்கே அடுத்த டிராஃப்டில் முதல் முறை என்பதால், சிகாகோவுக்குக் கொடுத்த 2024 பிக்கே டிராஃப்டின் முதல் பிக் ஆகிவிட்டது. அதில் பேர்ஸ் கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ் 2021-இல் 12-லிருந்து 3-க்கு ஏற மேலும் இரண்டு முதல் ரவுண்டும் ஒரு மூன்றாம் ரவுண்டும் கொடுத்து ட்ரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. அங்கே அவர் நான்கு ஆட்டம்தான் தொடங்கினார், பிறகு ஒரு நான்காம் ரவுண்ட் பிக்குக்கு டல்லஸுக்குப் போனார். அவர்களைக் காப்பாற்றிய பிராக் பர்டி 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-வது. அப்படி ஒரு அதிர்ஷ்டத்தை நம்பி ஷீட் போட முடியாது.

கொடுக்கிற அடுத்த வருஷப் பிக் 32-வதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குவாட்டர்பேக் இல்லாததால்தானே ஏறுகிறீர்கள்? அப்படியென்றால் அது மேலே விழவே வாய்ப்பு அதிகம்.

'கேப்ல இடம் இருக்கு'

2025-இல் சேலரி கேப், அதாவது ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு, 27.92 கோடி டாலர். அதில் மீதி எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. போய்விட்ட ஆட்களின் போனஸ் பாக்கியும் அதிலேதான் உட்கார்ந்திருக்கும். வென்ட்ஸை 2021-இல் கோல்ட்ஸுக்கு அனுப்பியபோது ஈகிள்ஸ் கணக்கில் 3.38 கோடி டாலர் டெட் மணியாகத் தங்கியது. அந்த வருஷ கேப்பே 18.25 கோடிதான். அந்த மாதிரி வருஷத்தில் வெளியே போய் வாங்க வழியில்லை, மலிவான புது ஆட்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். லீகும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு டிராஃப்ட் ஆட்களுக்கு நான்கு வருஷம் சம்பளம் கிட்டத்தட்ட நிர்ணயமானது. பிக்குகளுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததே அதனால்தான்.

40 யார்டு ஓட்டம்

ஜான் ராஸ், 2017, 4.22 விநாடி, பெங்கால்ஸ், 9-வது பிக். அடுத்த பிக்கில் கன்சாஸ் சிட்டி எடுத்தது பேட்ரிக் மஹோம்ஸ் என்ற குவாட்டர்பேக்கை. வேகத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான்.

காயம்

மருத்துவ அறிக்கை அணிகளிடம் இருக்கிறது. நம்மிடம் இல்லை. ஒருவர் எதிர்பாராமல் டிராஃப்டில் கீழே நழுவினால் 'மலிவாகக் கிடைத்தார்' என்று துள்ளாதீர்கள்.

ரன்னிங் பேக்

பந்தை ஏந்தி ஓடுகிற இவரை முதல் பத்துப் பிக்கில் எடுக்க வேண்டாம். சக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார், உண்மை. ஆனால் அவரை 2018-இல் இரண்டாவது பிக்கில் எடுத்தது ஜயன்ட்ஸ், 2024-இல் அவர் அந்த யார்டுகளை ஓடியது எங்களுக்காக.

திங்கட்கிழமை மதிப்பெண்

டிராஃப்ட் முடிந்த மறுநாளே ஏ, பி, சி போடுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. முதல் ரவுண்ட் ஆட்களுக்கு ஐந்தாம் வருஷ ஆப்ஷன் உண்டு, அதாவது நான்கு வருஷ ஒப்பந்தத்தை அணி இன்னொரு வருஷம் நீட்டிக்கலாம். மூன்று சீசன் பார்த்தபின், மே மாதத் தொடக்கத்தில், அணி அதை எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது விட வேண்டும். மதிப்பெண் போட ஆசையிருந்தால் அன்றைக்குப் போடுங்கள். 2022 ஆட்களுக்குக் கடைசி நாள் 2025 மே 1. 13-வது பிக்கில் எடுத்த ஜோர்டன் டேவிஸுக்கு ஈகிள்ஸ் ஆப்ஷனை எடுத்தது. பிரவுனை விட்டுக்கொடுத்து வாங்கிய 18-வது பிக்கில் டைட்டன்ஸ் எடுத்த ட்ரீலன் பர்க்ஸுக்கு, அவர்கள் எடுக்கவில்லை.