சின்னப் படகை காரிலேயே இழுத்துப் போவது எப்படி?

பதினான்கு அடி அலுமினியப் படகை நான் ஒரு சாதாரண செடான் காரில்தான் இழுத்துப் போகிறேன். பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் கார் இழுக்குமா?" என்பதுதான். இழுக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் 400 கிலோவைச் சமதளச் சாலையில் இழுப்பது காருக்குப் பெரிய வேலை இல்லை. அதை நிறுத்துவதும், பாசி பிடித்த கரைச் சரிவிலிருந்து மேலே ஏற்றுவதும்தான் வேலை. டிரக்குக்கும் காருக்கும் உள்ள வித்தியாசம் தெரிவது அந்த இரண்டு இடங்களில்தான்.

படி 1: கார் கையேட்டை எடுங்கள்

ஹிட்ச், அதாவது காரின் பின்னால் டிரெய்லரை இணைக்கும் பந்து வைத்த இரும்பு அமைப்பு, மாட்டும் கடைக்குப் போகும் முன் கையேட்டில் டிரெய்லர் பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். நான்கு எண்கள் வேண்டும்: பிரேக் உள்ள டிரெய்லரின் உச்ச எடை, பிரேக் இல்லாத டிரெய்லரின் உச்ச எடை, ஹிட்ச் பந்தின் மேல் இறங்கக்கூடிய எடை, காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை. இதில் எது முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

சின்னப் படகு டிரெய்லர்கள் பெரும்பாலும் பிரேக் இல்லாமல்தான் வரும். அதனால் இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம். ஐரோப்பிய விதிப்படி அது 750 கிலோ அல்லது காரின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. ஒரே மாடல் காருக்கு ஒரு நாட்டுக் கையேட்டில் 1,000 கிலோவுக்கு மேலும், இன்னொரு நாட்டுக் கையேட்டில் "இழுக்கவே கூடாது" என்றும் போட்டிருப்பதுண்டு. இணையத்தில் யாரோ ஒருவர் அதே காரில் இழுக்கிறார் என்பதை நம்பி இறங்காதீர்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் புரட்டிப் பார்ப்பது உங்கள் நாட்டில் விற்ற காரின் கையேட்டைத்தான். சில ஹைபிரிட் கார்களுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது.

படி 2: படகின் உண்மையான எடையைக் கூட்டுங்கள்

விற்பனைத் தாளில் "படகு எடை 130 கிலோ" என்றிருக்கும். அது வெறும் கூடு. அதன் மேல் 20 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் 50 கிலோ, 25 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 19 கிலோ, பேட்டரி 20, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், தூண்டில் சாமான் எல்லாம் ஒரு 40, டிரெய்லர் 170. கூட்டினால் 429. நூற்று முப்பது என்று நினைத்தது மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது.

கூட்டலை நம்புவதைவிட நல்லது, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் ஒரு எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பது. என் கணக்கு 35 கிலோ தவறியிருந்தது அங்கேதான் தெரிந்தது. கார் அனுமதிக்கும் எல்லையில் எண்பது சதவீதத்தைத் தொட்டால் நான் அதோடு நிறுத்திக்கொள்வேன். படகுக்குள் தேங்கும் மழைத்தண்ணீரையும் மறக்காதீர்கள். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ.

படி 3: பந்து, கப்ளர், சங்கிலி, விளக்கு

ஹிட்ச் பந்தின் அளவும், அதைக் கவ்வும் டிரெய்லர் முனையான கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கப்ளரின் மேலேயே அளவு பொறித்திருக்கும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 50 மி.மீ. வழக்கம், வட அமெரிக்காவில் சின்ன டிரெய்லர்களுக்கு 1⅞ அங்குலமும் 2 அங்குலமும். 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ.; ஏறக்குறைய ஒன்றுதானே என்று மாற்றி மாட்டக் கூடாது.

மாட்டிப் பூட்டியதும் டிரெய்லரின் ஜாக்கியைச் சுற்றி முன்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பகுதியும் கூடவே எழும்பினால் கப்ளர் சரியாகக் கவ்வியிருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கப்ளர் கழன்றாலும் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள். துருப்பிடித்த எர்த்தால்தான் இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து மினுக்கும்.

படி 4: மூக்கு எடை

கப்ளர் பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையைத்தான் மூக்கு எடை என்கிறேன். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான், சாலையில் பழிவாங்குவதும் இதுதான். மோட்டார் அமரத்தில், அதாவது படகின் பின்முனையில் தொங்குவதால் எடை இயல்பாகவே பின்னால் சாயும். மூக்கு லேசானால் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். மூக்கு கனத்தாலோ காரின் வால் தாழ்ந்து முன்சக்கரங்கள் லேசாகும். முன்சக்கர இழுவைக் காரில் ஸ்டீயரிங், இழுவை, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே அந்த முன்சக்கரங்களை நம்பித்தான் இருக்கிறது.

படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் சரியாக இருக்கும். 430 கிலோவுக்கு 22 முதல் 43 கிலோ. அளப்பது சுலபம். சமதளத்தில் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளர் பந்தின் உயரத்திலேயே இருக்குமாறு அதன் மேல் இறக்குங்கள். குறைவாகக் காட்டினால் பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் அணியம் பக்கம், அதாவது முன்முனைக்கு நகர்த்துங்கள். போதவில்லை என்றால் டிரெய்லரின் வின்ச் (படகை டிரெய்லரின் மேல் இழுக்கும் கயிற்றுச் சுருள்) தூணையே முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இந்த 40 கிலோ காரின் டிக்கியில் சாமான் ஏற்றியதற்குச் சமம். நான்கு பேரும் ஐஸ் பெட்டியும் ஏறிய பிறகு காரின் சுமை எல்லையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: புறப்படும் முன்

டயர் காற்றை டயர் சூடேறுவதற்கு முன்பே பாருங்கள். டிரெய்லருக்கென்றே ஒரு ஸ்டெப்னி வேண்டும்; காரின் ஸ்டெப்னி பொருந்தாது. படகை வின்ச் கயிற்றை மட்டும் நம்பி விடாமல் அணியத்தில் ஒரு சங்கிலி, அமரத்தில் இரண்டு பட்டைகள் போட்டு டிரெய்லரோடு இறுக்குங்கள்.

படி 6: சாலையில்

வேகத்தைக் குறையுங்கள், முன்னால் போகும் வண்டிக்கு வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். டிரெய்லர் எப்போதும் வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அதனால் திருப்பங்களை அகலமாக எடுக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் ஏற்றத்தில் இரண்டு கியருக்கு இடையே மாறி மாறித் தடுமாறினால் நீங்களே கீழ் கியரில் நிறுத்துங்கள். தடுமாற்றத்தில்தான் கியர்பாக்ஸ் சூடேறும்.

டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள், அடங்கிவிடும். அடங்கியதும் ஓரங்கட்டி, நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

முதல் இருபது நிமிடத்தில் ஒருமுறை நிறுத்திச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கோளாறு.

படி 7: ரிவர்ஸ்

காலி மைதானத்தில் பழகுங்கள். கரையில், பின்னால் நாலு வண்டி காத்திருக்கும்போது அல்ல. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும். சின்ன டிரெய்லர் சட்டென்று மடிந்துவிடும். மடிந்தால் பின்னாலேயே போராட வேண்டாம், முன்னால் எடுத்து நேராக்கிவிட்டுத் திரும்ப வாருங்கள்.

படி 8: கரைச் சரிவு

வந்ததும் நேராகத் தண்ணீருக்குள் இறக்காதீர்கள். மேலே ஓரமாக நிறுத்தி, சாமான்களை ஏற்றி, பின்பட்டைகளைக் கழற்றி, படகின் அடித்தக்கையை (தண்ணீர் வடிக்கும் ஓட்டையின் அடைப்பானை) மாட்டி, விளக்கு வயரைப் பிடுங்கிவிடுங்கள். சூடான பல்பு குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும். பேரிங்கும் அப்படித்தான்: சூட்டோடு நனைந்தால் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பத்து நிமிடம் ஆறவிடுவது கிரீஸைவிட மலிவு. அணியத்தின் வின்ச்சை மட்டும் தண்ணீரைத் தொடும்வரை கழற்றக் கூடாது. உருளை வைத்த டிரெய்லரில் படகு கான்கிரீட்டிலேயே வழுக்கி இறங்கிவிடும்.

இறங்கும்போது ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், குழந்தைகள் காரில் வேண்டாம். நிறுத்தியதும் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகுதான் பார்க்கிங் கியர், பிறகு சக்கரத்துக்குக் கட்டை.

மேலே ஏறுவதுதான் சோதனை. 1,200 கிலோ கார், 430 கிலோ டிரெய்லர், 15 சதவீதச் சரிவு என்றால் மேலே இழுக்க ஏறக்குறைய 240 கிலோ விசை வேண்டும். சரிவில் எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரங்களின் பிடி ஏற்கெனவே குறைந்திருக்கும். ஒரு நல்ல விஷயம், முன்சக்கரங்கள் தண்ணீரிலிருந்து தள்ளி, காய்ந்த இடத்தில் இருக்கும். டிக்கியைக் காலி செய்யுங்கள், ஆட்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள், முதல் கியரில் மெதுவாக எடுங்கள். சக்கரம் சுற்றினால் மேலும் மிதிக்காதீர்கள். பாசியைத் தேய்த்து மெருகேற்றுவதுதான் நடக்கும். கடற்கரை என்றால் வற்றத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கும்போது, பாசி பிடித்த அடிப்பகுதி வெளியே வந்துவிடும்; ஓதம் (கடல்மட்டம்) ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்துப் படகை எடுங்கள்.

என் முதல் பயணத்தில் கார் அரையடி கூட நகரவில்லை. கடைசியில் டிரெய்லரைக் கட்டை போட்டு நிறுத்தி, காரை மேலே சமதளத்துக்கு ஏற்றி, தடித்த கயிற்றால் டிரெய்லரின் மூக்கைக் கட்டி மெல்ல இழுத்தோம். ஒருவர் கட்டையோடு கூடவே நடந்து வந்தார். அன்றிலிருந்து அந்தக் கயிறு டிக்கியை விட்டு இறங்கியதில்லை.

ஏறியதும் தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு நீர்நிலையின் சிப்பியும் பாசியும் இன்னொன்றுக்குப் போகாமலிருக்க, பல இடங்களில் அது விதியே. உப்புத்தண்ணீரில் இறக்கியிருந்தால் அன்றே டிரெய்லரையும் காரின் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழற்றிய தக்கையை மோட்டார் சாவியோடு சேர்த்துக் கோத்துவிடுங்கள். அது கையில் தட்டுப்படாமல் அடுத்த முறை மோட்டாரை ஸ்டார்ட் செய்ய முடியாது.